டயர் சந்தேகங்கள்

சுஹைப் ஷார்ஜாவுக்குப் போன பிறகு திருவொற்றியூர் பங்க்சர் கடையை மெஹ்னாஸ்தான் பார்த்துக்கொண்டாள். கல்யாணமான நாள் முதல் அவனோடு சேர்ந்து டயர் கழற்றியவள், அதனால் கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. ஹார்பருக்கு வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளும் மணலிப் பக்கம் போகும் டேங்கர்களும்தான் வாடிக்கை.

சுஹைபுக்கு அங்கேயும் டயர் கடையில்தான் வேலை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கூப்பிடுவான். "சாப்ட்டியா? சாபிரா ஸ்கூலுக்குப் போவுதா? ஒடம்பு எப்டி கீது?" என்று அவளையும் மகளையும் விசாரிப்பான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. போன புதிதில் அப்படி இல்லை. இரண்டு தடவை ஊருக்கு வருகிறேன் என்றான். இரண்டு தடவையும் லீவு கிடைக்கவில்லை. பிறகு வருவதைப் பற்றி அவன் சொல்வதுமில்லை, அவள் கேட்பதுமில்லை. கேட்டால் அவன் குரல் சுருங்கிப்போகும். அதை அவளால் தாங்க முடியாது.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு நாள் காலை லூயிஸ் என்ற டிரைவர் ஒரு வெளிநாட்டுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். எண்ணூரில் வேலையாக வந்திருந்த ஜப்பான்காரர் ஒருவருடைய கார். வழியில் ஆணி குத்தி டயர் இறங்கிவிட்டது. டிக்கியில் இருந்த டப்பாவை எடுத்து, அதிலிருந்த மருந்தை வால்வு வழியாக உள்ளே அடித்து, எப்படியோ ஓட்டி வந்திருக்கிறான்.

"காத்து நிக்குதுக்கா. ஆனா இந்த லைட்டு அணையவே மாட்டேங்குது. ஜப்பான் துரை பாத்தாருன்னா பேஜாரு."

ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெஹ்னாஸ் இதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சுஹைபுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். உடனே கூப்பிட்டான்.

"இன்னா ஆச்சி? சாபிராவுக்கு இன்னா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஒரு டயரு."

சங்கதியைச் சொன்னாள். அவன் குரல் மாறிவிட்டது.

"டப்பா மருந்து அடிச்சிட்டானா? அதான். ரிம்முக்கு உள்ள, வால்வோட சேந்தாப்ல ஒரு சென்சார் கீது. காத்து கொறைஞ்சா அதான் லைட்டு போடும். அந்த மருந்து அதும்மேல பசையாட்டம் ஒட்டிகினு இருக்கும். டயரக் கயட்டு. வால்வு பக்கம் மட்டும் நெம்புற லிவரப் போடாத, சென்சார் ஒடஞ்சிடும்."

"நீங்க வேலையில கீறீங்களே."

"மொதலாளி இல்ல. நீ கயட்டு."

ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கழற்றினாள். உள்ளேயிருந்து வெள்ளை மருந்து கஞ்சி மாதிரி வழிந்தது. வால்வின் அடியில் தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று இருந்தது.

"அதுல சின்னதா ஒரு ஓட்டை கீதா? அதுக்குள்ள ஊசி கீசி வுடாத. காத்தும் அடிக்காத. ஈரத்துணி எடுத்து தொடை. மெதுவா. சாபிராவுக்கு காது தொடைப்பியே, அந்த மாதிரி."

அவள் துடைத்தாள். அவன் மூச்சு மட்டும் காதில் கேட்டது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பது போல அவளுக்கு இருந்தது. இன்னும் கொஞ்சம் துடைக்க இருந்தால் தேவலை என்று நினைத்தாள்.

உள்பக்கம் பேட்ச் ஒட்டி, டயரை மாட்டி, காற்று அடித்தாள். லூயிஸ் எர்ணாவூர் வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தான். விளக்கு அணைந்திருந்தது.

"அணைஞ்சிடுச்சிங்க!"

சுஹைப் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, "சரி, வெச்சிடவா?" என்று அவன் கேட்டபோது மெஹ்னாஸ் அவசரமாகச் சொன்னாள்: "அந்த காரு திரும்ப வந்திச்சிங்க. மறுபடி லைட்டு எரியுது."

கார் வரவில்லை. ஆனால் அவன் பேச ஆரம்பித்துவிட்டான். சென்சாருக்குள் பேட்டரி இருப்பதையும், அது தீர்ந்துபோனால் மாற்ற முடியாது என்பதையும் சொன்னான். அப்படியே அங்கே வெயிலில் டயர் வெடிக்கும் கதைக்குப் போய், கூட வேலை செய்யும் மலையாளி சமைக்கும் மீன் குழம்பில் வந்து நின்றான். அதற்கடுத்த வாரம் மெஹ்னாஸ் வேறொரு காரைச் சொன்னாள். பிறகு இன்னொன்று. லாரி டியூபை ஒட்டும்போதெல்லாம் வெள்ளிக்கிழமை கேட்பதற்கு ஒரு சந்தேகம் யோசித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் முந்தின வாரம் சொன்ன காரையே மறந்துபோய் மறுபடியும் சொன்னாள். அவன் கேட்டான்: "எந்த சக்கரம்?"

"முன்னாடி. எடது பக்கம்."

"இதே காருக்குப் போன வாரம் பின்னாடின்னியே."

அவள் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தாள்.

"மெஹ்னா, காரு எதுவும் வரலதான?"

"வரல."

"எனக்கு எப்பவோ தெரியும்."

"அப்பறம் எதுக்குச் சொல்லிகினே இருந்தீங்க?"

"நீ கேட்டுகினே இருந்தியே."

அவள் அழுதுவிட்டாள். ரோட்டில் டேங்கர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்து, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டாள்.

"எப்போ வர்றீங்க?"

"தெரியல. பாஸ்போர்ட்டு மொதலாளி கையில கீது. திரும்பக் கேக்கவே பயமா இருந்திச்சி. முடியாதுன்னு சொல்ட்டான்னா ஒங்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியல."

"முடியாதுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க. சொல்லாம மட்டும் இருக்காதீங்க."

அந்த வாரம் அவன் முதலாளியிடம் கேட்டான். வெள்ளிக்கிழமை, நலம் விசாரிக்காமல் நேராகச் சொன்னான். "இன்னும் ஒரு வருஷம் ஆவும்ங்கறான்."

மெஹ்னாஸ் கடை வாசலில் கிடந்த பழைய லாரி டயர்மேல் உட்கார்ந்தாள். அவன் ஃபோனை வைக்கவில்லை.

"சரி," என்றாள். "ஒங்க ரூமு எப்டி கீது? கதவு எந்தப் பக்கம், நீங்க எங்க படுக்கறீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க."

அவன் கதவிலிருந்து ஆரம்பித்தான்.