ஒரு கிழமையும் ஒரு ஞாயிறும்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. மெல்பர்னின் கேரம் டவுன்ஸ் கோயிலில் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்த விமலாதேவி அன்ரி சொன்னது. எண்பத்து நான்கில் சோவியத் உதவித்தொகை பெற்று, பெலாரஸின் தலைநகர் மின்ஸ்கில் ரஷ்ய மொழியில் எஞ்சினியரிங் படித்தவர். மெல்பர்னில் ரஷ்ய மொழிபெயர்ப்பாளர். எந்த அகதியின் வழக்கு என்று சொல்லவில்லை. சொல்வது தொழில் விதிக்கு விரோதம். அலேசியா என்பது நான் வைத்த பெயர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ரஷ்யாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே நெருக்குண்ட பெலாரஸ் என்னும் நாடு, தன்—

(அடித்துவிட்டேன். அது செய்தித்தாள்.)

2

2007 ஜனவரி. மறுக்கப்பட்ட அகதி மனுக்களை மீண்டும் விசாரிக்கும் அறை. அலேசியாவுக்கு இருபத்தொரு வயது. முந்தைய மார்ச்சில் தேர்தல் முடிவை எதிர்த்து மின்ஸ்க் சதுக்கத்தில் கூடாரம் அடித்தவர்களில் ஒருத்தி. சிறையில் பத்து நாள். பிறகு பல்கலைக்கழகத்திலிருந்தும் நீக்கினார்கள். இதையெல்லாம் ரஷ்ய மொழியில் சொன்னாள். விமலாதேவி ஆங்கிலமாக்கினார்.

அதிகாரி கேட்டார்: "உங்கள் தொழிற்சாலைகள் ரஷ்யாவின் மலிவான எரிவாயுவில் ஓடின. இப்போது விலை இரட்டிப்பு. இரண்டு அரசுகளுக்கும் சண்டை. இனி ஐரோப்பாவின் தயவு வேண்டும். அதற்காகவாவது உங்களைப் போன்றவர்களை விட்டுவிடமாட்டார்களா?"

அலேசியா ரஷ்ய மொழியை விட்டு, பெலாரஸ் மொழியில் பதில் சொல்லத் தொடங்கினாள்.

3

என் முதல் பிரதியில் இங்கே ஒரு சாகசம் இருந்தது. அந்த மொழியும் விமலாதேவிக்குத் தண்ணீர்பட்ட பாடு, மளமளவென்று—

அவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"அப்பிடி நடக்கேல்ல. எனக்குப் பாதிதான் விளங்கினது. மிச்சத்தைக் குத்துமதிப்பாச் சொன்னனான். அதை எழுதுங்கோ."

எழுதுகிறேன். 'நியட்சேல்யா' என்றொரு சொல் வந்தது. அதையொத்த ரஷ்யச் சொல்லுக்குப் பொருள், கிழமை. (தமிழ்நாட்டு வாசகருக்கு: ஈழத்தில் கிழமை என்றால் வாரம்.) "ஊரில் இருக்கும் என் தாயை ஒரு கிழமை பிடித்து வைத்திருந்தார்கள்" என்று விமலாதேவி சொல்லிவிட்டார். அதிகாரி குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் விமலாதேவிக்கு, படித்த காலத்து மின்ஸ்க் விடுதிக்குப் பக்கத்துக் கடை ஞாபகம் வந்தது. கதவில் அந்தச் சொல்லை எழுதித் தொங்கவிட்ட நாளில் கடை பூட்டு. பெலாரஸ் மொழியில் அதற்குப் பொருள், ஞாயிறு.

பேசாமல் இருந்தால் அந்த அறையில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நான் சொன்னது பிழை, வெட்டிவிடுங்கள்," என்றார் அதிகாரியிடம். "இவர் பேசுவது ரஷ்யமில்லை, தனி மொழி. அதற்கு எனக்குத் தகுதி இல்லை."

"ரஷ்யத்திலேயே பேசச் சொல்லுங்கள்."

அலேசியா தலையசைத்து மறுத்தாள். பெலாரஸ் மொழிக்கு ஆள் கிடைக்கும்வரை விசாரணையை ஒத்திவைத்தார்கள்.

4

வெளியே, நடைவழியில், அலேசியா ரஷ்ய மொழியில் பொரிந்து தள்ளினாள். (தனியே பேசுவதும் விதிக்கு விரோதம். "அதையும் எழுதுங்கோ" என்றார். உரையாடலை அவர் சொன்ன தமிழிலேயே தருகிறேன்.)

"உங்களுக்கு விளங்கினது. ஏன் நிப்பாட்டினீங்கள்? விசா வரும்வரை வேலை செய்ய விடமாட்டினம். இன்னும் எத்தனை மாசம் நான் இப்பிடி இருக்கிறது?"

"அம்மாவை எவ்வளவு நேரம் வைச்சிருந்தவங்கள்?"

"போன ஞாயிறு. காலமை கூட்டிக்கொண்டு போய்ப் பின்னேரம் விட்டவங்கள்."

"நான் ஏழு நாள் எண்டு சொல்லிப்போட்டன், பிள்ளை."

அலேசியா சுவரில் சாய்ந்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்: "மொஸ்கோவைப் பற்றிக் கேட்டால் மொஸ்கோவின்ர பாஷையில பதில் சொல்லமாட்டன். அடுத்த முறையும்தான்."

"சொல்லாதை. அது தெரிஞ்ச ஆள் வரட்டும்."

5

முடிவு ஒன்று: ஏப்ரலில் சிட்னியிலிருந்து தொலைபேசியில் ஒருவர் மொழிபெயர்க்கிறார், அலேசியாவுக்கு விசா கிடைக்கிறது.

முடிவு இரண்டு: ஆளே கிடைக்கவில்லை. அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு—

"எனக்குத் தெரியாது," என்றார் விமலாதேவி. "மொழிபெயர்க்கிற எங்களுக்கு ஒருத்தரும் தீர்ப்புச் சொல்லுறேல்ல."

"வாசிக்கிறவை கேப்பினம், அன்ரி."

"கேக்கட்டும். தெரியாததைச் சொன்னால் என்ன நடக்கும் எண்டு ஒருக்காப் பாத்திட்டன்."

இரண்டையும் அடித்துவிட்டேன். உங்களுக்கு ஒரு முடிவு தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள்.