ஓனோ ரிக்லெஃப் விட்டுவந்த நாற்காலி

எங்கள் வக்கீல் ஓனோ ரிக்லெஃப் மெல்லத்தான் பேசுவார். நீதிமன்றத்தில் அவர் எழுந்தால் நீதிபதிகள்கூட முன்னால் சாய்ந்து காது கொடுப்பார்கள். கடலோர ஊரான நோர்டர்ஸீலில், அவருடைய அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்துவந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் அவர் ஒரு வழக்கில் தோற்றார். கடற்கரைத் தடுப்பில் மண் வேலை செய்யும் ஹாபோ டிர்க்ஸ், ஒரு நாள் பட்டப்பகல் மூன்று மணிக்கு பண்ணைக் களஞ்சியத்துக்குத் தீ வைத்தான், உள்ளே ஒரு வேலையாள் செத்தான் என்று குற்றச்சாட்டு. வாய்க்காலுக்கு அக்கரையிலிருந்து அவனைப் பார்த்ததாக ஒருத்தி சாட்சி சொன்னாள். ஆயுள் தண்டனை. திரும்பும் வழியில் சதுப்பின் தாழ்ந்த மூடுபனியில் பசுக்கள் தரை தொடாமல் மிதப்பதுபோல் நின்றன.

அடுத்த வருஷம் ஓர் அரசியல் கட்சியின் ஆட்கள், அவரைத் தேர்தலில் நிற்கச் சொல்லி வந்தார்கள்.

"தோத்துப்போன வக்கீல் உங்களுக்கு எதுக்கு?" என்றார் வக்கீல்.

"நீங்க பேசினா ஜனங்க வாயை மூடிக்கிட்டுக் கேக்குறாங்களே."

பிறகு நடந்ததெல்லாம் தூக்கத்தில் கண்டதுபோல இருக்கிறது. சுவரொட்டிகளில் அவர் முகம், மாநிலத் தலைநகர் ஹானோவரில் சட்டமன்றம், எட்டாம் வருஷம் மாநில நீதி மந்திரி. என்னையும் அழைத்துப்போனார்.

ஒரு பிப்ரவரி காலை ஹாபோவின் கருணை மனு மேசைக்கு வந்தது. சூடான தேநீர் பட்டுக் கோப்பையில் கற்கண்டு வெடிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

"சிபாரிசு எழுதிடுங்களேன்," என்றேன்.

"நான் அவனோட வக்கீலா இருந்தவன், ஃப்ராவ்க. நான் இதைத் தொடக்கூடாது."

மனு வேறொருவர் கைக்குப் போனது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவனுக்குக் கருணை இல்லை என்று ஒரு வரியில் முடிந்தது. மறுநாள் வக்கீல் ராஜினாமா செய்தார்.

"பைத்தியமா உனக்கு? ஒரு மண்வெட்டிக்காரனுக்காகவா?" என்றார் கட்சித் தலைவர்.

"அவனுக்கு மந்திரி வேணாம். வக்கீல்தான் வேணும்."

ஊர் திரும்பி, புது ஆதாரம் தேடி வீடு வீடாக ஏறி இறங்கினோம். தீப்பிடித்த அன்று வானம் தெளிவாக இருந்ததாக, கடலை விட்டுத் தள்ளியிருந்த வானிலை நிலையம் எழுதியதைத்தான் நீதிமன்றம் நம்பியிருந்தது. மதகுக் காவலரின் விதவை தேட்டா, அதைக் கேட்டுச் சிரித்தாள்.

"அங்க வெயில்னா இங்கயும் வெயிலா?"

பெட்டியிலிருந்து கணவனின் குறிப்பேட்டை எடுத்துவந்தாள். அந்தத் தேதியில் நீலப் பென்சில் எழுத்து: மதியம் முதல் கடல் மூடுபனி, மதகின் எதிர்க்கதவு தெரியவில்லை, படகுகள் நிறுத்தம். எதிர்க்கதவு இருபது அடி தூரம். சாட்சிக்காரி நின்றது நூறு அடிக்கு அப்பால்.

"இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?" என்றேன்.

"யாரு கேட்டா? உங்க வக்கீலே கேக்கலயே."

அவர் முகம் வெளுத்தது. "ஆமா. கேக்கல," என்றார்.

மறுவிசாரணைக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அதே மெல்லிய குரலில் அந்த நீலப் பென்சில் வரியை அவர் படித்தபோது நான் அழுதுவிட்டேன். ஹாபோ விடுதலையானான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அப்பவே ஒழுங்கா தேடியிருக்கலாம் நீங்க," என்றான் சிறை வாசலில்.

"தேடியிருக்கணும்."

நீட்டிய கையை அவன் பிடிக்கவில்லை. ஆனால் காரில் ஏறிக்கொண்டான். கடற்கரையில் நிறுத்தச் சொன்னான். நீர் வடிந்து, சேறு வானத்தின் நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு இறங்கி, புள்ளியாகத் தெரியும்வரை நடந்தான். வக்கீலும் காலணிகளைக் கழற்றினார். இருவருக்கும் நடுவே நல்ல தூரம் விட்டு, பின்னாலேயே போனார்.