மடியில் டீன்

"உஷ்! மெதுவா வாங்கடி. டீன் தூங்குது."

உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, பட்டமளிப்பு அங்கியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மகள் மரத்தடி பெஞ்சை நெருங்கினாள். பின்னால் தோழிகள் பூனை நடை நடந்து வந்தார்கள்.

டீன் என்பது கல்லூரிப் பூனை. எல்லா வகுப்புக்கும் வரும், எதையும் கவனிக்காது, நல்ல நாற்காலியாகப் பார்த்துத் தூங்கிவிடும். அதனால்தான் அந்தப் பதவி. அது யார் மடியில் படுத்தாலும் அவரை எழுப்பக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். மடியில் டீன் இருந்தது என்று சொல்லித் தாமதமாக வந்தவனைத் தேர்வு எழுத விட்ட பேராசிரியர்கூட உண்டு. படிப்பு முடித்துப் போகிறவர்கள் அதன் நெற்றியைத் தொட்டு விடைபெற வேண்டும். இல்லையென்றால் அரியர் எழுதத் திரும்பி வரவேண்டியிருக்குமாம். எல்லா வருடமும் டீனே வாசலுக்கு வந்து ஒவ்வொருவர் காலிலும் உரசி வழியனுப்பும். இந்த வருடம் என்னவோ, பெஞ்சில் கண்மூடி உட்கார்ந்திருந்த அப்பாவின் மடியை விட்டு இறங்கவில்லை.

அப்பா பேருந்து ஓட்டுநர். உட்கார்ந்தபடியே தூங்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு டிரிப்புக்கு நடுவே ஸ்டியரிங்கில் கைவைத்தபடி ஒரு தூக்கம் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வண்டியை எடுப்பார். "பட்டதாரியம்மா, மேடையில தடுக்கி விழுந்துடாத. கைதட்டுறதா, ஓடி வந்து தூக்குறதான்னு எனக்குக் குழம்பிடும்" என்று காலையில் புதுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேலி செய்தார். அவள் பட்டம் வாங்கியபோது அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி கைதட்டினார். வெளியே வந்ததும், "கொஞ்சம் அசதியா இருக்கு. நான் உக்காந்திருக்கேன், நீ உன் கூட்டாளிங்களப் பாரு" என்றார். அம்மா தண்ணீர் வாங்கப் போனாள்.

டீன் வராததால் எல்லோரும் டீனிடம் வந்தார்கள். பெஞ்சின் முன்னால் வரிசையே நின்றது. ஒவ்வொருத்தியும் குனிந்து, அப்பாவின் மடியில் கிடந்த அந்தச் சாம்பல் நிற நெற்றியைத் தொட்டாள். நெட்டைத் தோழி ஒருத்தி, மகளின் போனை வாங்கிப் படம் எடுத்துத் தள்ளினாள்.

"அங்கிள் குறட்டைகூட விடல பாருடி. எவ்ளோ டீசன்ட்!"

"டிரைவர்டி. சத்தமில்லாம தூங்கிப் பழகினவரு."

கடைசியாக மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போயிட்டு வரேன் டீன்" என்று நெற்றியைத் தொட்டாள். "அப்பா, ஒரே ஒரு போட்டோ" என்று கிசுகிசுத்தாள். அவர் எழவில்லை. பாவம், தூங்கட்டும் என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

அம்மாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. பாட்டிலோடு வந்தவள், "என்னங்க, எந்திரிங்க, தண்ணி குடிங்க" என்று தோளை உலுக்கினாள். அப்பா அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தார்.

யாரோ அலறினார்கள். மகள் அலறவில்லை. "அம்மா, டீன் தூங்குது" என்றுதான் அவள் வாயில் வந்தது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆட்கள் ஓடிவந்து அப்பாவைத் தூக்கிய பிறகுதான் டீன் கீழே குதித்தது.

ஆஸ்பத்திரியில் அங்கியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"முன்னாடியே கொண்டுவந்திருந்தா பிழைச்சிருப்பாரா டாக்டர்?"

டாக்டர் அவள் அங்கியைப் பார்த்தார். "அத சொல்ல முடியாதும்மா" என்றார்.

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். சித்தப்பா அவளைத் தனியே கூப்பிட்டார்.

"ஃப்ரேம் போட ஒரு படம் வேணும்மா. லைசென்ஸ்ல இருக்குறது திருடன் மாதிரி இருக்கு."

"இன்னிக்கு எடுத்தீங்களேடி" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடி. "புதுச் சட்டையோட."

மகள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனைத் திறந்தாள். முதல் படத்தில் அப்பாவின் விரல்கள் டீனின் முதுகு ரோமத்துக்குள் புதைந்திருந்தன. ஒரு கண் இலேசாகத் திறந்திருந்தது. உதட்டோரம் சிரிப்பு. கள்ளத் தூக்கம்! அவளை ஏமாற்ற நடித்திருக்கிறார் மனிதர். அடுத்த படத்திலும் கை அங்கேதான் இருந்தது. அதற்குப் பிறகு, தோழிகள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் படத்தில், கை பெஞ்சில் மல்லாந்து கிடந்தது. பிறகு எல்லாப் படத்திலும் அப்படியே. கடைசிப் படத்தில் அவள் முப்பத்திரண்டு பல்லும் தெரிய அவர் தோளில் சாய்ந்திருந்தாள்.

கை ரோமத்தில் இருந்த படத்துக்கும் பெஞ்சில் கிடந்த படத்துக்கும் நடுவில் அவள் கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தாள். நின்று, எல்லோரையும் சத்தம் போடாதீர்கள் என்று அடக்கிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து முதல் படத்தை மட்டும் காட்டினாள். "சிரிச்சிட்டிருக்காரு பாரு" என்று அம்மா போனை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மற்ற படங்களை அவள் யாருக்கும் காட்டவில்லை.

தெருமுனை ஸ்டுடியோவில் சித்தப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினார். பின்னால் இருந்த மரம் போனது. பெஞ்ச் போனது.

"மடியில பூனை இருக்குங்க. மாலை போடுற படம், நல்லா இருக்காது. எடுத்துரட்டுமா?"

"எடுத்துருங்க" என்றார் சித்தப்பா.

மகளின் விரல் தானாக உதட்டுக்குப் போனது.

"வேணாம்ணே" என்றாள் மெதுவாக. "அது தூங்குது."