அழகுமலைக்குப் போட்ட ஊசி

அழகுமலை எனக்குத் தரவேண்டியது ஏழாயிரத்து நானூறு ரூபாய். காலையில் ஏலத்தோட்டத்தில் வைத்துக் கேட்டேன். அவனுக்குக் கை நடுங்கியது. பிறகு செடியெல்லாம் பாம்பு என்று கத்திக்கொண்டு அரிவாளைத் தூக்கினான்.

நாலு பேர் அமுக்கி, கையைப் பின்னால் கட்டி, ஜீப்பில் குப்புறப் போட்டோம். போடிமெட்டு வளைவுகளில் குதித்துவிடுவானோ என்று நான் அவன் முதுகில் உட்கார்ந்தேன். அவன் மனைவி மொக்கம்மாள் தலைமாட்டில் அழுதுகொண்டு வந்தாள்.

"கடனக் கேட்டா பைத்தியம் பிடிக்குமாண்ணே? நானும் பேங்க்ல சொல்லிப் பாக்கணும்" என்றான் டிரைவர் மனோஜ்.

எனக்கும் அதே சந்தேகம்தான். நடிக்கிறானோ? நடிக்கிறவனுக்கு இப்படியா வேர்க்கும்?

போடி ஆஸ்பத்திரி வாசலிலேயே நர்ஸ் ஆஷிகா என்னைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல அவர் மேல இருந்து எந்திரிங்க. மூச்சு நின்னுரும்."

கட்டை அவிழ்க்கச் சொன்னார். அடிப்பானே என்றேன்.

"ஆளுக்கொரு கை கால் பிடிங்க. நெஞ்சுல, கழுத்துல கை வைக்கக் கூடாது."

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். குடிப்பாரா என்று டாக்டரம்மா கேட்டார்.

"தெனமும் குடிப்பாக. மூணு நாளாத் தொடல" என்றாள் மொக்கம்மாள். "இந்தா நிக்கிற கன்னையண்ணன் கடன அடைக்காமத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டாக."

"குடிச்சுப் பழகின உடம்பு. திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும்" என்றார் டாக்டரம்மா.

குடித்தால் கெடும், தெரியும். நிறுத்தினாலும் கெடுமா? அப்படியானால் அவனை இப்படி ஆக்கியது குடியா, நானா?

ஊசியைக் கொஞ்சம் போட்டார்கள். பொறுத்துப் பார்த்து இன்னும் கொஞ்சம்.

"ஒரேயடியாப் போட்டு அமுக்கிருங்கம்மா" என்றான் மனோஜ்.

"மூச்சும் சேந்து அமுங்கிரும்யா" என்றார் டாக்டரம்மா.

அடங்கியவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப் மாட்டினார்கள். "தூங்கிட்டார்னு போயிராதீங்க. நானும் பாப்பேன், நீங்களும் மூச்சப் பாத்துக்கிட்டே இருங்க" என்றார் ஆஷிகா.

பார்த்தேன். விலா ஏறியது, இறங்கியது. சில நேரம் இறங்கியது ஏற மறந்ததுபோல் இருக்கும். அப்போது நானும் மூச்சு விடவில்லை.

மொக்கம்மாள் முந்தி முடிச்சை அவிழ்த்து ஐந்நூறு ரூபாயை நீட்டினாள். "குடிக்காமச் சேத்தது இம்புட்டுத்தாண்ணே." வாங்கினேன், பையில் போடத் தோன்றவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

பொழுது சாயும்போது அழகுமலை கண்ணைத் திறந்தான். என்னைத் தெரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அண்ணே... பாக்கி..."

"ஒரு பாக்கியும் இல்லப்பா. நீ மூச்ச விடு" என்று சொல்லி, நோட்டை மொக்கம்மாள் கையில் திணித்தேன்.