மொட்டைக்கு முன் வரைந்த முகங்கள்

பழனி அடிவாரத்தில் ஞானவேலின் பஞ்சாமிர்தக் கடையில் செருப்பு விடக் காசு கிடையாது. மலையேறிச் சாமி கும்பிட்டு இறங்குகிறவர்கள் செருப்பை எடுக்க எப்படியும் வந்தாக வேண்டும். வந்த இடத்தில் வெறுங்கையோடு திரும்ப மனசு வராமல் இரண்டு டப்பா பஞ்சாமிர்தம் வாங்குவார்கள். இதுதான் அவருடைய வியாபார ரகசியம். அந்தத் தெருவில் எல்லாக் கடைக்கும் இதே ரகசியம்தான் என்பது வேறு விஷயம்.

சிக்கலெல்லாம் டோக்கனில். தகர டோக்கன் கொடுத்தால், பக்தர்கள் சில்லறையோடு சில்லறையாக அதையும் உண்டியலில் போட்டுவிட்டு வந்தார்கள். சிலர் மொட்டை போட்டுக் குளித்த இடத்தில் பழைய சட்டைப் பையோடு தொலைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைவாசலில் செருப்புச் சண்டை நிச்சயம். சண்டை போடுகிறவர் பஞ்சாமிர்தமா வாங்குவார்?

ஞானவேலின் மகள் தாரணி, கல்லூரி முடித்த கையோடு கொடைக்கானலில் ஒரு டிசைன் வகுப்பில் சேர்ந்திருந்தாள். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிவிடுவாள். ஆரம்ப வகுப்புதான். முதலில் ஏரிக்கரையில் உட்காரவைத்து வாடகை சைக்கிளை வரையச் சொன்னார்கள், அப்புறம் மனித முகம். பிறகு ஆசிரியை மணிமேகலை, "உங்க வீட்லயோ தெருவுலயோ ஒரு பிராப்ளத்தைப் பிடிங்க. வரைஞ்சே அதைத் தீர்க்கணும்" என்றார்.

கூட்டம் அலைமோதும் சனிக்கிழமையில் மகள் கடையில் இல்லாதது ஞானவேலுக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல்.

"பென்சில் பிடிக்க ஒண்ணாப்புலயே கத்துக்கிட்ட. இப்ப மலையேறிப் போயி என்னத்தக் கோடு போடுற?"

"நம்ம செருப்புச் சண்டையை நான் தீர்த்துக் காட்டுறேம்ப்பா."

"ரெண்டு ஞாயித்துக்கெழம தாரேன். தீர்த்தா வகுப்புக்குப் போ. இல்லன்னா சனிக்கெழமையும் கல்லாவுல உக்காரு. அம்புட்டுத்தான்."

முகம் வரைய வந்ததிலிருந்து தாரணிக்கு பஸ்ஸில் எதிரே தூங்கி வழிகிறவர்கூட அழகாகத் தெரிந்தார். அதை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்காருவதை நினைத்தாலே அழுகை வந்தது.

முதல் ஞாயிறு. டோக்கன் தொலையும், முகம் தொலையுமா? செருப்பு விட்டவர் முகத்தைச் சீட்டில் வரைந்து, செருப்பிலேயே ஒட்டினாள். கன்னிவாடியிலிருந்து வேனில் வந்த நல்லுசாமியின் முறுக்கு மீசையும் அவர் மனைவி பிச்சையம்மாளின் கோணல் வகிடும் அச்சு அசலாக வந்தன.

"என்னையக் கொஞ்சம் செவப்பா வரை தாயி" என்றார் நல்லுசாமி. கறுப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

மதியம் எல்லோரும் இறங்கி வந்தார்கள். முடி இல்லை, மீசை இல்லை, தலை நிறையச் சந்தனம். பொழுது விடிந்தால் மொட்டைத் தலையில் விழித்து வளர்ந்த பழனிப் பெண்ணுக்கு இது தோன்றவே இல்லை! தாரணி மீசைச் சீட்டைச் செருப்பிலிருந்து பிய்த்தெடுத்து வந்து, ஒவ்வொரு முகத்துக்கும் நேரே பிடித்துப் பார்த்தாள்.

"அது நாந்தேன் தாயி."

"மீசை?"

"அதத்தேன் முருகனுக்குக் குடுத்தாச்சே!"

தெருவே சிரித்தது. ஞானவேல் தலையில் அடித்துக்கொண்டார். தாரணிக்கு முகம் சுருங்கிப்போனது. அப்போது பிச்சையம்மாள்தான் கையை நீட்டினாள். "எங்க செருப்பு அந்த மயில் காலண்டருக்குக் கீழ கெடக்கு. கழட்டி விடும்போதே பாத்து வச்சேன்."

அங்கேதான் கிடந்தது. தாரணி அந்தக் காலண்டரை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். படம் செருப்பில் இருக்க வேண்டாம், செருப்பு வைக்கும் இடத்தில் இருந்தால் போதும் என்று பட்டது.

சனிக்கிழமை வகுப்பில் இறகு இறகாக ஒரு மயிலை வரைந்து நீட்டினாள். மணிமேகலை சிரித்தார். "ரொம்ப அழகு தாரணி. ஆனா கால் கடுக்க நிக்கிறவங்க இறகை எண்ணிக்கிட்டா இருப்பாங்க? ஒரு பார்வையில மனசுல ஒட்டணும்." அழித்து அழித்து ரப்பர் தேய்ந்தது. சாயங்காலத்துக்குள் மயில் நாலே கோட்டில் நின்றது. கூடவே சேவல், யானை, குடை, பம்பரம், வாழைப்பழம் என்று ஒரு கூட்டமே சேர்ந்தது.

இரண்டாவது ஞாயிறு, அலமாரித் தட்டுக்குத் தட்டு ஒரு படம். சீட்டு இல்லை, டோக்கன் இல்லை. "நீங்க சேவல். மறந்துறாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள். மதியம் மொட்டைகள் வரத் தொடங்கின.

"நாங்க யானை!"

"பம்பரம், நாலு ஜோடி!"

தொப்பையும் சந்தனமுமாக ஒருவர் வந்து நின்று, "நான் வாழைப்பழம்" என்று கணீரென்று சொன்னார். அவர் குடும்பம் சிரித்த சிரிப்பில் இன்னொரு டப்பா கூடவே விற்றது. சண்டை மருந்துக்கும் இல்லை.

ஆனால் ஞானவேல் கல்லாவை எண்ணிப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். வகுப்புக்குப் போகலாமா கூடாதா என்று தெரியாமலே வாரம் ஓடியது. தாரணிக்குக் கேட்கவும் பயம்.

சனிக்கிழமை வெள்ளனே அவரே வந்து எழுப்பினார். "ஏத்தா, எந்திரி. பஸ்ஸு போயிரும்."

"கடையை யாருப்பா பாக்குறது?"

"கடைய நான் பாத்துக்கிறேன். தைப்பூசக் கூட்டத்துக்கு இந்தப் படமெல்லாம் எந்த மூலைக்கு? டீச்சரம்மாட்டச் சொல்லி இன்னும் நூறு படம் போட்டுட்டு வா."

தாரணிக்குத் தூக்கம் பறந்துபோனது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நூறு படம்னா அடுத்த வகுப்புலயும் சேரணுமேப்பா" என்றாள்.

"சேரு" என்றார் ஞானவேல். "நான் என்னைக்கு வேணாம்னேன்?"