ஜெர்சனின் கார்டு

விடிவதற்கு இன்னும் அரை மணி இருந்தது. மத்தியதரைக் கடலின் நடுவே, பதினோரு மாடி உயரக் கப்பலின் உச்சித் தளத்தில் சக்திவேல் துண்டுகளை வாரிக்கொண்டிருந்தான்.

நானூறு சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மெத்தை, ஒரு நீலத் துண்டு. பனியும் உப்பும் ஊறி ஒவ்வொரு துண்டும் ஈரச் சாக்காகக் கனத்தது. பத்துத் துண்டு ஒரு கட்டு. கட்டைத் தோளில் ஏற்றினால் உப்புநீர் முதுகெலும்பு வழியாக இறங்கி இடுப்புப் பட்டியில் தேங்கும். இறக்கிவிட்டு ஓடி வந்தால் அடுத்த கட்டு.

பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி. கரையிலிருந்து ஹெலிகாப்டர் வருகிறது. அது தலைக்கு மேல் நிற்கும்போது தளத்தில் ஒரு துண்டுகூடக் கிடக்கக் கூடாது. காற்றில் எழும்பி விசிறியில் சிக்கினால் ஹெலிகாப்டரே கடலுக்குள் போய்விடும். அதனால்தான் கப்பலின் அடிவயிற்றில் துவைத்துக்கொண்டிருந்த சலவைப் பகுதி ஆட்கள் பதினான்கு பேரையும் மேலே ஏற்றியிருந்தார்கள்.

பதினான்கு என்பது கம்ப்யூட்டர் சொன்னது. மேலே இருந்தது பதின்மூன்று பேர்.

பதினான்காவது ஆள் ஜெர்சன். பம்மல்காரன். நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னலில்லாத அறையில், முழங்காலை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தான். மூன்று நாளாக வயிற்றுவலி. மருத்துவ அறைக்குப் போகவில்லை. போனால் எழுதுவார்கள். ஒரு ஒப்பந்தத்தில் மூன்று முறை 'உடல்நலமில்லை' என்று எழுதப்பட்டவனை அடுத்த முறை கப்பலுக்குக் கூப்பிடுவதில்லை. ஜெர்சனுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்துவிட்டது.

இதற்குச் சலவைப் பகுதியில் ஒரு வழக்கம் இருந்தது. முடியாதவனின் கார்டை அடுத்த படுக்கைக்காரன் தன் கார்டோடு சேர்த்து வாசல் மிஷினில் காட்டிவிடுவான். அவன் வேலையை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். துணி வெளுத்து மடிந்து வந்தால் போதும், மேற்பார்வையாளர் தலை எண்ண மாட்டார். "கார்டு போட்டாச்சு, படு." அந்தக் கப்பலில் ஒரு தொழிலாளி இன்னொருவனுக்குச் சொல்லக்கூடிய மிகப் பிரியமான வாக்கியம் அதுதான்.

அன்று காலை ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு ஜெர்சனின் கார்டைக் காட்டியவன் சக்திவேல்.

ஆறு மணிக்கு, கடைசிக் கட்டை இறக்கப்போன சாக்கில், அறைக்குள் எட்டிப் பார்த்தான். ஜெர்சனின் உதடு வெளுத்திருந்தது. வயிற்றில் கை வைத்தான். பலகையாக இறுகியிருந்தது.

"மச்சான், எந்திரி. டாக்டராண்ட போலாம்."

"வேணாண்டா. இன்னும் ரெண்டு மாசம்தானே..." ஜெர்சன் பல்லைக் கடித்தான். "ஈவ்லினுக்குப் போன் போட்டா, வலின்னு மட்டும் சொல்லிடாத."

சக்திவேல் ஓடினான். ஆறு பத்துக்கு மருத்துவ அறை வாசலில் நின்றான். டாக்டர் பயணியின் படுக்கையருகே இருந்தார். மூச்சிரைக்கத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான்: எங்கள் ஆள் ஒருவன் சாகக் கிடக்கிறான், அவனையும் ஹெலிகாப்டரில் அனுப்புங்கள்.

டாக்டர் நிமிர்ந்தார். எண் கேட்டார். பக்கத்திலிருந்த அதிகாரி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"இவர் வேலையில் இருக்கிறாரே. ஐந்து இரண்டுக்கு வந்திருக்கிறார்."

டாக்டரின் முகத்திலிருந்த பதற்றம் விலகியது. "வேலைக்கு வர முடிந்தவர் இங்கேயும் நடந்து வருவார். ஹெலிகாப்டர் போகட்டும். பிறகு பார்க்கிறேன்."

சக்திவேல் வாயைத் திறந்தான். கார்டு போட்டது அவன் இல்லை, நான். அவ்வளவுதான், ஒரே வரி. சொன்னால் அன்றைக்கே தன்னைக் கப்பலிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதுவும் தெரியும்.

திறந்த வாயை மூடிக்கொண்டான்.

ஆறு நாற்பதுக்கு ஹெலிகாப்டர் வந்தது. தளத்துக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான். கம்பியில் ஒருவர் இறங்கினார். நெஞ்சுவலிக்காரரைத் தூக்குப் படுக்கையில் கட்டினார்கள். பேச்சு கேட்காத இரைச்சலில் எல்லாமே சைகை. இறங்கியவர் ஒரு விரலைக் காட்டினார். பிறகு இரண்டு விரல். ஒருவரா, இருவரா?

தளத்து அதிகாரி ஒரு விரலைக் காட்டினார்.

எட்டு மணிக்கு டாக்டர் ஜெர்சனின் வயிற்றைத் தொட்டதுமே மறுபடி ஹெலிகாப்டர் கேட்டார். அதற்குள் கப்பல் எட்டாத தூரம் போயிருந்தது. மறுநாள் காலை துறைமுகத்துக் கிரேன்கள் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் ஜெர்சன் இறந்துபோனான்.

*

ஒப்பந்தம் முடிந்து சக்திவேல் ஊர் வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் ஜெர்சனைப் பம்மலில் அடக்கம் செய்து நாற்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

ஜெர்சனின் மனைவி ஈவ்லின் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை செய்பவள். வீட்டிலும் மிஷின் இருந்தது. பாதி தைத்த கைப்பிடிகள் தரையில் குவிந்திருந்தன. அவனைக் கண்டதும் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

"வாங்கண்ணா. நீங்க வருவீங்கன்னுதான் எதையும் கையெழுத்துப் போடாம வெச்சிருக்கேன்."

ஒரு தாளை நீட்டினாள். கப்பலுக்கு ஆள் அனுப்பும் தாம்பரம் ஏஜென்ட் கிரீஷ் கொடுத்தது. இறந்தவர் நோயை மறைத்தார். ஹெலிகாப்டர் புறப்படும்வரை யாரும் தகவல் தரவில்லை. அன்று காலைகூட ஐந்து இரண்டுக்கு வேலைக்கு வந்திருக்கிறார். ஆகவே கம்பெனிக்குப் பொறுப்பில்லை. சம்மதம் என்று மனைவி சனிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணா." அவள் குரல் உயரவில்லை. "கப்பல் நேரம் நாலு மணிக்கு எனக்கு மெசேஜ் போட்டாரு, அசதியா இருக்கு, எந்திரிக்க முடியலன்னு. அஞ்சு மணிக்கு எப்படி வேலைக்குப் போனாரு? தவழ்ந்துகிட்டுப் போனாரா? நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். படில, கையை ஊன்றி... கண்ண மூடுனா அதான் வருது."

தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி ஹெலிகாப்டர் ஒன்று கூரைக்கு மேல் கடந்தது. அந்தத் தெருவுக்கு அது தினசரிச் சத்தம். யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அது ஓயும்வரை சக்திவேல் காத்திருந்தான்.

"அவன் போகலம்மா."

"இன்னா சொல்றீங்க?"

"அவன் படுக்கைய வுட்டே எந்திரிக்கல. கார்டு போட்டது நான்."

எல்லாவற்றையும் சொன்னான். மருத்துவ அறை வாசல், மூடிய வாய், இரண்டு விரல், ஒரு விரல். ஒன்றையும் விடவில்லை.

ஈவ்லின் மிஷினில் பாதியில் நின்ற கைப்பிடியைப் பார்த்தாள். "அப்ப அவரு தவழல."

"இல்லம்மா."

"அந்த ஒரு வார்த்தைய அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"எழுந்து போயிடுங்கண்ணா."

போனான். அவனுக்குப் பின்னால் அவள் கதவைச் சாத்தவில்லை. மிஷின் ஓடத் தொடங்கியது, நூல் அறுந்தது, மறுபடி ஓடியது, மறுபடி அறுந்தது.

*

பல்லாவரம் ஷேர் ஆட்டோ நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை. சேட்டு, மடிப்புப் பிரிவிலிருந்த மாடம்பாக்கத்து வினிதா, சக்திவேல். மூவரும் அதே சலவைப் பகுதி. அடுத்த ஒப்பந்தத்துக்கு இன்னும் மூன்று வாரம். கடலுக்குப் போகத் தேவையான சிடிசி புத்தகம் மூவருடையதும் கிரீஷின் பீரோவில் இருந்தது. 'பத்திரமா இருக்கட்டும்' என்று அவன் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம்.

"நாளைக்குச் சனிக்கிழமை. கிரீஷ்கிட்ட போய் நான்தான்னு சொல்லப் போறேன்" என்றான் சக்திவேல்.

சேட்டு டம்ளரை வைத்தான். கப்பலில் இஸ்திரி ரோலர் கடித்த கட்டைவிரல் இன்னும் கறுத்திருந்தது. "சொல்லு. இன்னா ஆவும் தெரியுமா? கிரீஷு உனக்கு மாலையே போடுவான்."

"எதுக்கு?"

"ஒரு ஆளு தப்பு பண்ணான், அவன தூக்கிட்டோம், ஃபைல் க்ளோஸ். கம்பெனி சுத்தம். அவனுங்க தேடிக்கினு கீறதே அந்த ஒரு ஆளத்தான்டா."

"அதுக்காக வாய மூடிக்கினு இருக்கச் சொல்றியா? ஒரு வாட்டி மூடுனதுக்கே..."

"மூடச் சொல்லல." சேட்டு அவனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தான். "போன ஆகஸ்ட்ல எனக்கு ஜுரம். மூணு நாள் யார்றா கார்டு போட்டது?"

"ஜெர்சன்."

"அக்கா உனக்கு?"

வினிதாவுக்கும் ஒருமுறை ஜெர்சன்தான் போட்டிருந்தான். அந்த முறை அவளுக்கு ஜுரமில்லை. கரு கலைந்திருந்தது. கப்பலில் ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை. "கையில கார்ட வாங்கிக்கினு, ஏன்னுகூடக் கேக்கல ஜெர்சன். படுங்கக்கான்னு சொல்லிட்டுப் போயிடுச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "வீட்டுக்காரருக்கே இன்னும் தெரியாது. பரவாயில்ல. எழுதலாம். மூணு பேரும் சேந்து தேதி போட்டு எழுதலாம்."

"வேலை போயிடும்கா" என்றான் சக்திவேல்.

"எனக்கு மட்டும் தெரியாதா? என் புள்ளைக்கு நான்தான் சோறு. பயமாத்தான் கீது." டீயை ஒரே மூச்சில் குடித்தாள். "பேப்பர் வாங்கினு வா."

*

மேற்குத் தாம்பரம், சண்முகம் சாலை. பாத்திரக்கடைக்கு மேல் முதல் மாடி. கிரீஷின் அலுவலகக் கூடத்தில் இருபது பேர் நேர்காணலுக்கும் புதுப்பித்தலுக்கும் காத்திருந்தார்கள். உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது. ஏசி குளிர் கூடத்துக்கும் கொஞ்சம் கசிந்தது.

ஈவ்லின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கிரீஷ் பேனா மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தான்.

"சிஸ்டர், உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. நம்ம ஏரியா பையன். பட் அவர் ஒரு வார்த்தை டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா..."

"சொன்னோம் சார்." வாசலில் சக்திவேல். பின்னால் சேட்டு, வினிதா. "ஆறு பத்துக்கு, ஹெலிகாப்டர் வர்றதுக்கு முன்னாடி, நானே டாக்டர்கிட்ட சொன்னேன்."

"ரெகார்டுல அவர் டூட்டில இருக்காரே சக்தி."

"அந்தக் கார்ட போட்டது நான்."

கிரீஷின் முதுகு நாற்காலியில் சாய்ந்தது. முகத்தில் கோபம் இல்லை, நிம்மதி. ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தள்ளினான். "வெரி குட். தைரியமா ஒத்துக்கிட்டே. இதுல எழுதிக் குடு. தனிப்பட்ட முறையில நான் செஞ்ச தவறுன்னு. சிஸ்டர், பாத்தீங்களா? கம்பெனி மேல தப்பே இல்ல. இவர்தான்."

"எழுதி எடுத்துனு வந்துட்டோம் சார்" என்று சேட்டு தாளை மேஜையில் வைத்தான். "என் பேரும் கீது அதுல."

"என் பேரும்" என்றாள் வினிதா.

கிரீஷ் படித்தான். யாருக்கு எந்த நாளில் என்ன நோய், யார் யாருக்குக் கார்டு போட்டார்கள், தேதி வாரியாக. அடியில் ஒரு வரி: மூன்று முறை நோய் என்று எழுதினால் வேலை இல்லை என்ற விதிதான் எங்களை இதைச் செய்ய வைத்தது, அந்த விதிதான் ஜெர்சனைக் கொன்றது.

"இன்னா சேட்டு, யூனியன் லீடர் ஆயிட்டியா?"

"இல்ல சார். துணி தோய்க்கிறவன். அழுக்கு எங்க கீதுன்னு தெரியும்."

"உங்க மூணு பேர் சிடிசியும் யார்கிட்ட இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்" என்றாள் வினிதா. "ரெண்டாம் பக்கம் பாருங்க. அதையும் எழுதியிருக்கோம்."

தாள் திரும்பும் சத்தம் கூடம்வரை கேட்டது.

ஈவ்லின் கேட்டாள். "சார், மேல இருந்து வந்தவரு ரெண்டு விரல் காட்டினாராமே. இன்னொருத்தர் இருக்காங்களான்னு."

"அது எனக்கு எப்படித் தெரியும் சிஸ்டர், நான் என்ன கப்பல்லயா இருந்தேன்?"

"நீங்க இல்ல. இவங்க இருந்தாங்க." கம்பெனித் தாளை எடுத்தாள். கிழிக்கவில்லை. நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். "இது என்கிட்டயே இருக்கட்டும். கவர்மென்ட் கப்பல்துறை ஆபீஸ்ல காட்டணும்."

கூடத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கேளம்பாக்கத்திலிருந்து வந்திருந்த சிவகுமார், வேறொரு கப்பலின் சமையற்கட்டு ஆள், எழுந்து கதவருகே வந்தான். நேர்காணலுக்காகப் போட்ட வெள்ளைச் சட்டையில் இன்னும் மடிப்புக் கலையவில்லை.

"அண்ணா, எங்க கப்பல்லயும் இதான். கையில எண்ணெய் கொட்டி, கிளவுஸ் போட்டு மறைச்சுனு நின்னேன்." சக்திவேலிடம் கை நீட்டினான். "மேஜை மேல அந்தப் பேனாவ எடுத்துக் குடுங்க."

"சிவகுமார், உன் இன்டர்வியூ இன்னைக்கு" என்றான் கிரீஷ்.

"தெரியும் சார்."

தாளில் தன் கதையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவனுக்குப் பின் ஒருவர் வந்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். இரண்டு பேர் எழுந்து படியிறங்கிப் போனார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பிறகு மூலையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும். கிரீஷ் கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டே ஜன்னலுக்குப் போனான். "சார்... ஒரு பேர் கேட்டீங்கல்ல. இல்ல சார், ஒரு பேர் இல்ல." குரலைத் தாழ்த்தினான். "இன்னும் எழுதிட்டு இருக்காங்க சார்."

ஏழு கையெழுத்து. கூடத்திலிருந்த இருபது பேரில் நான்கு, இவர்கள் மூன்று.

படியிறங்கும்போது ஈவ்லின் முன்னால் போனாள். பாத்திரக்கடை வாசலில் நின்று திரும்பினாள். சக்திவேல் இரண்டு படி மேலேயே நின்றுவிட்டான்.

"உங்கள மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கலம்மா."

"மன்னிப்பேனான்னும் தெரியல." பேருந்து ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்தது. அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "திங்கக்கெழமை எட்டு மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷன்ல இருப்பேன். நீங்க வந்து அந்த ஆபீஸ்ல சொல்லணும். எனக்குச் சொன்ன மாதிரியே. ஒண்ணையும் வுடாம."

"சொல்றேன்."

"இவங்க எல்லாரையும் கூட்டினு வாங்க" என்றாள் ஈவ்லின். "ஒருத்தரா வராதீங்க."