எனக்கு மட்டும் பேப்பர் தட்டு

மத்தியானத்துக்குள் என் படம் ஊர் முழுக்கப் போய்விட்டது. வெளியிட்டது போலீஸ். என் பெயர், வயது, எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்ற தகவல், என்னோடு படுத்தவர்கள் வேறு யாராவது இருந்தால் முன்வரச் சொல்லி ஒரு தொலைபேசி எண். கர்லிங் கிளப் ஜாக்கெட்டில் நான் சிரித்துக்கொண்டிருக்கும் படம். இருப்பதில் அதுதான் நன்றாக வந்த படம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைக்கத் தோன்றியது.

அந்தக் கிளப்பில் பனித்தரை போடுகிறவள் நான். கர்லிங் என்றால் பனித்தரைமேல் கனமான கல்லைத் தள்ளி விடும் ஆட்டம். கல் ஒழுங்காக வழுக்கிப் போக வேண்டுமென்றால் தரைமேல் துளித்துளியாகத் தண்ணீர் தெளித்து உறையவைக்க வேண்டும். கிளப் தலைவர் ஸ்டான் போன் செய்தார்.

"டார்லீன், கொஞ்ச நாளைக்கு வராத. சின்னப் பசங்க விளையாடற இடம் பாரு."

"பனியிலதான ஸ்டான் தண்ணி தெளிக்கறேன், பசங்க மேலயா தெளிக்கறேன்?"

போனை வைத்துவிட்டார். கனடாவின் மானிடோபாவில், எங்கள் ஊர்ப் பக்கம், யாரும் யாரையும் திட்டமாட்டார்கள். போனை வைத்துவிடுவார்கள்.

புகார் கொடுத்தவன் டுவெய்ன். மூன்று வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவன். கோடையில் ட்ரிஷ் என்று ஒருத்தி கிடைத்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அவனுக்கு நோய் தொற்றவில்லை. தொற்றவும் முடியாது, மாத்திரையால் என் ரத்தத்தில் கிருமி தேடினாலும் கிடைக்காத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். 2014-இல் எங்கள் சட்டத்துக்கு அது போதவில்லை. கிருமியும் குறைந்திருக்க வேண்டும், ஆணுறையும் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஆணுறை வேண்டாம் என்றவன் டுவெய்ன்தான். சொல்லாமல் படுத்தால் அதற்குப் பெயர் கடுமையான பாலியல் தாக்குதல். முதலில் சிறை, பிறகு பாலியல் குற்றவாளிகளின் பட்டியலில் பெயர். கத்தியைக் காட்டிப் பலாத்காரம் செய்தவனுக்குப் பக்கத்தில் நான்.

ஆனால் நான் சொல்லியிருந்தேன்.

எங்கள் பக்கம் முக்கியமான பேச்செல்லாம் வண்டிக்குள்தான் நடக்கும். இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்காரலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. டுவெய்னோடு பழக ஆரம்பித்த புதிதில், கார் கழுவும் கூண்டுக்குள் அவன் டிரக்கில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன்.

"என் புருஷன் செத்தப்ப எனக்கு ரெண்டு விட்டுட்டுப் போனான். ஓடாத ஸ்னோமொபைல் ஒண்ணு, எச்.ஐ.வி. ஒண்ணு."

கண்ணாடியில் சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது. அவன் வைப்பரைப் போட்டு நுரையை வழித்தான். பிறகு, "ஸ்னோமொபைல நான் ரிப்பேர் பண்ணித் தரேன்," என்றான். அந்தப் பேச்சுக்காகத்தான் அவன்மேல் எனக்கு ஆசை வந்தது. கூண்டுக்குள் எங்களைத் தவிர யாரும் இல்லை.

என் வக்கீல் ஷான்டால் பெருமூச்சு விட்டாள். "விவரமானவங்க, பழகற ஆளையே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயி, நர்ஸ் முன்னாடி வச்சுச் சொல்லிடறாங்க. அப்பத்தான் சாட்சி இருக்கும்."

"முதல் முத்தத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அவருக்குத் தெரியும்கறது வேற யாருக்காவது தெரியுமா? நல்லா யோசிங்க."

யோசித்தேன். பேப்பர் தட்டு நினைவுக்கு வந்தது.

டுவெய்னின் அக்கா லோர்னா வீட்டில்தான் வருஷா வருஷம் நன்றி நாள் விருந்து. வான்கோழி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சோறு. எல்லாருக்கும் அவள் அம்மாவின் நீலக்கரைப் பீங்கான் தட்டு, வாண்டுகளுக்குக்கூட. எனக்கு மட்டும் பேப்பர் தட்டு, பிளாஸ்டிக் முள்கரண்டி, பேப்பர் கப். பாத்ரூம் போய்விட்டு வந்தால் சற்று நேரத்தில் அங்கிருந்து ப்ளீச் வாடை வரும். முதல் வருஷம், தட்டு போதவில்லையாக்கும் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் புரிந்தது. மூன்றாம் வருஷம் அவளுக்குச் சிரமம் வைக்காமல் நானே பேப்பர் தட்டை எடுத்துக்கொண்டேன். டுவெய்ன் அதைப் பார்த்துக்கொண்டே தன் தட்டில் கிழங்கைப் போட்டுக்கொண்டான். ஊரில் அவனைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. அவன்தான் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் ஷான்டால் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "அந்தம்மா வாயைத் தொறந்தாப் போதும், கேஸ் நிக்காது!"

அவள் போன் செய்தாள். லோர்னா போனை வைத்தாள். மறுபடி செய்தாள், மறுபடி வைத்தாள். "நீங்க மட்டும் அங்க போயிடாதீங்க. சாட்சியைக் கலைக்கறீங்கன்னு இன்னொரு கேஸ் போட்ருவாங்க," என்றாள் ஷான்டால். சரி என்றேன். மறுநாள் போனேன்.

லோர்னா கதவைத் திறந்து, என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள். "உள்ள வந்து தொலை. ஊரே பாக்குது."

வாசலில் பூட்ஸைக் கழற்றினேன். சாக்ஸில் ஓட்டை. கட்டைவிரலை மடக்கிக்கொண்டு சமையலறையில் போய் உட்கார்ந்தேன்.

"டுவெய்னுக்குத் தெரியும்னு சொல்லு, லோர்னா. உனக்கே அவன்தான சொன்னான்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்ப அந்தப் பேப்பர் தட்டு?"

"பாத்திரம் கழுவச் சோம்பேறித்தனம்."

"எனக்கு மட்டுமா? ஒரு தட்டு சேத்துக் கழுவினா உன் கை தேஞ்சா போயிடும்?"

அவள் முகம் சிவந்தது. ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேடையை மறுபடி துடைத்தாள்.

"உன்னப் பத்தி யாரோ சொல்லி, ட்ரிஷ் அவனப் புடிச்சு உலுக்கிட்டா," என்றாள் முதுகைக் காட்டிக்கொண்டே. "தெரிஞ்சுதான் உன்கூட இருந்தேன்னு சொல்ல அவனுக்கு வெக்கம். தெரியாதுன்னுட்டான். அவதான் ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போனா. இப்ப மாத்திச் சொல்ல முடியாம முழிக்கறான்."

"அவன் முழிச்சுட்டு இருக்கட்டும். ஜெயிலுக்குப் போறது நானு."

"அவன் என் தம்பி, டார்லீன்."

"தெரியும்."

"அது மட்டுமில்ல." குரல் உடைந்தது. "ஆமா, அவளுக்குப் பேப்பர் தட்டுலதான் போட்டேன், அவ போன பாத்ரூமுக்கு ப்ளீச் ஊத்தினேன்னு கோர்ட்டுல நின்னு நான் சொல்லணும். சர்ச்சுல ஏழைபாழைங்களுக்கு சூப் ஊத்தறவ நான். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போவேன்?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போலீஸ் வந்து கூட்டிப்போய் ஜாமீனில் விட்ட நாளிலிருந்து எதுவும் வரவில்லை. அவளுடைய ஃபிரிட்ஜ்மேல் ஒட்டியிருந்த பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போட்டாள். அலமாரியைத் திறந்து நீலக்கரைப் பீங்கான் கப் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவள் அம்மாவினுடையது. அதில் என் உதடு ஒருநாளும் பட்டதில்லை. நல்ல மனசோடுதான் வைத்தாள், பார்த்தாலே தெரிந்தது.

நான் அதைத் தொடவில்லை. அதில் ஒரு வாய் குடித்தால் போதும், டார்லீன் எங்க வீட்டுல எங்களோட ஒண்ணாத்தான் சாப்பிட்டா என்று இவள் தன்னையே நம்பவைத்துவிடுவாள். அவளுக்கு மனசு லேசாகிவிடும். நான் ஜெயிலுக்குப் போவேன்.

"அது வேண்டாம். எப்பவும் குடுக்கறதுல குடு."

"இல்ல டார்லீன், இன்னிக்கு..."

"பேப்பர் கப்புல குடு, லோர்னா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பீங்கான் கப்பை எடுத்து அலமாரியில் வைத்தாள். கீழ்த்தட்டிலிருந்து பேப்பர் கப்பை எடுத்து, காப்பியை ஊற்றி என் முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த வக்கீல் நம்பரச் சொல்லு."

சொன்னேன். அவள் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"லோர்னா பேசறேன். ஆமா, டுவெய்னோட அக்கா. போனை வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க. ஆமா, எனக்குத் தெரியும். ஆரம்பத்துலயே தம்பி சொல்லிட்டான். அதனாலதான் அவளுக்கு மட்டும் தனித் தட்டு."

கப் மெல்லியது, காப்பி கொதித்தது. விரல் சுட்டது. எத்தனையோ நாளுக்கு அப்புறம் எனக்கு ஏதோ உறைத்தது. கப்பைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே அழுதேன்.